இரைக்கு இடும் இரை

வளர்ப்பு உயிர் என்றவுடன் நாய், பூனை, கூண்டுக்கிளி, கண்ணாடித் தொட்டி மீன் ஆகியவையே நம் முன்னோரின் நினைவுக்கு வந்தன. இன்றைய நகரத்துப் பிள்ளைகளின் விருப்பம் வேறு திசையிற் செல்கிறது. பச்சோந்தி வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகள் மும்பையிலும் தில்லியிலும் இருக்கிறார்கள். நாம் வாழும் ஐதராபாத்திலும் இருக்கிறார்கள். பிறந்த ஊரை விட்டு வந்து, அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தளத்திலோ நான்காம் தளத்திலோ குடியிருக்கும் பெற்றோருக்கு இவ்விருப்பம் வியப்பையும் தயக்கத்தையும் ஒருங்கே தருகிறது. இவ்வுயிர் யாது, இதனை வளர்க்கச் சட்டம் இடந்தருமா, இது எதை உண்டு வாழும், அந்த உணவை வீட்டிலேயே எவ்வாறு உண்டாக்குவது என்பவற்றைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நன்று. வேலியிலும் மரத்திலும் தலையை ஆட்டியபடி அமர்ந்திருக்கும் ஓணான் வேறு, பச்சோந்தி வேறு. ஓணானைத் தெலுங்கர் 'தொண்ட' என்பர். பச்சோந்தியை 'ஊசரவெல்லி' என்பர். பழைய நகரத்து உருது மொழியில் 'கிர்கிட்' என்னும் சொல் வழங்குகிறது. ஓணான் விரைந்து ஓடும். பச்சோந்தியோ காற்றில் அசையும் இலையைப் போல முன்னும் பின்னும் ஆடியாடி ஓரடி எடுத்து வைக்கும். கிளையை இடுக்கி போலப் பற்றும் கால்கள், சுருண்ட வால், தனித்தனியே சுழலும் இரு கண்கள் ஆகியவற்றைக் கொண்டு இதனை எளிதில் அடையாளம் காணலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் நம் நாட்டுப் பச்சோந்திக்கு 1768-இல் லாரென்டி என்பார் 'கெமேலியோ ஜெய்லானிகஸ்' என்று அறிவியற் பெயர் சூட்டினார். இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இனம் இது ஒன்றே.

நேரத்திற்கொரு நிறம் மாற்றுவோரைப் பச்சோந்தி என்று ஏசுவது நம் வழக்கம். ஆயினும் இவ்வுயிர் யாரையும் ஏய்ப்பதற்காக மட்டும் நிறம் மாறுவதில்லை. வெப்பம், ஒளி, அச்சம், இணை தேடும் வேட்கை, நோய் ஆகிய பலவும் அதன் தோலில் வெளிப்படும். தோலுக்குள் இருக்கும் மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளி விரிந்து சுருங்குவதால் ஒளி சிதறும் விதம் மாறுகிறது என்பதை 2015-இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் நாட்டுப் பச்சோந்தி ஒன்றைக் கொண்டு விளக்கினர். ஆதலின் வளர்ப்பவருக்கு அந்நிறம் ஒரு செய்தித்தாள் போன்றது. நாள் முழுதும் கறுத்துக் கிடக்கும் பச்சோந்தி நலமாக இல்லை என்பதே அதன் பொருள்.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பச்சோந்திக்குப் பாதுகாப்பளிக்கிறது. அதனைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்கு உரிய குற்றங்கள். நம் வீடுகளில் ஒரு காலத்தில் கூண்டில் தொங்கிய பச்சைக்கிளிக்கும் இச்சட்டம் பொருந்தும் என்பதைப் பலர் இன்றும் அறியார். ஆகவே புதர்க்காட்டிலோ தோட்டத்திலோ பச்சோந்தி கண்ணிற் பட்டால், நின்று பார்த்துவிட்டு நகர்வதே முறை. காயம்பட்டுக் கிடந்தால் வனத்துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும். யாரேனும் விற்க முன்வந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் வாங்கலாகாது.

அயல்நாட்டு இனங்களின் நிலை சற்று வேறு. ஏமன், சவூதி அரேபியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த கொண்டைப் பச்சோந்தியும், மடகாஸ்கர்த் தீவின் சிறுத்தைப் பச்சோந்தியும் வளர்ப்போரிடையே பெயர் பெற்றவை. அருகி வரும் உயிரினங்களின் வாணிகத்தை ஒழுங்குபடுத்த 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தான 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் பட்டியலில் இவை உள்ளன. இந்தியா 1976 முதல் அவ்வுடன்படிக்கையில் பங்குகொண்டுள்ளது. 2022-இல் திருத்தப்பெற்ற சட்டமும், அதன்கீழ் 2024-இல் வெளியான விதிகளும், இத்தகைய உயிரை வைத்திருப்போர் மாநில முதன்மை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதிக்கின்றன. 'பரிவேஷ்' என்னும் அரசின் இணையத்தளம் வாயிலாக இதனைச் செய்யலாம். முறையான சான்றில்லாமல் விற்கப்படும் உயிரை வாங்கினால், வாங்கியவரும் குற்றத்திற் பங்காளியாவார். பிள்ளைகள் பார்க்க விரும்பும் அளவே எனில், 1963-இல் திறக்கப்பெற்ற நேரு விலங்கியற் பூங்காவின் ஊர்வன இல்லம் நம் நகரத்திலேயே உள்ளது. பூங்காவிற்கு அழைத்துச் செல்வதற்குப் பதிவும் வேண்டா, பராமரிப்பும் வேண்டா.

சட்டப்படி பதிவு செய்த பச்சோந்தி ஒன்று வீட்டில் இருக்கிறது என்று கொள்வோம். அதற்கு எதை இடுவது? சோறும் பழமும் அதற்கு உணவாகா. கொண்டைப் பச்சோந்தி சிறிது இலை தின்னும் என்பது உண்மை. எனினும் பச்சோந்திகளுக்கு அடிப்படை உணவு அசையும் பூச்சியே. கண் அசைவைக் காண வேண்டும். கண்டபின் நா பாய வேண்டும். அந்த நா உடலின் நீளத்தைக் காட்டிலும் மிகுதியாக நீளக்கூடியது. இறந்து கிடக்கும் பூச்சியை அது பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது. கிண்ணத்தில் வைத்த நீரைக்கூட அது அறிந்துகொள்வது அரிது. இலைமேல் தங்கிய துளியையே நக்கிக் குடிக்கும். எனவே பச்சோந்தி வளர்ப்போர் வீட்டில் பூச்சியும் வளர்ந்தாக வேண்டும்.

பூச்சி கிடைத்தால் மட்டும் போதும் என்று எண்ணுவோர் பலர். வீட்டில் வளரும் பச்சோந்திகள் நலிவதற்குப் பெருங்காரணம் அவ்வெண்ணமே. ஊர்வனவற்றின் எலும்புக்குக் கால்சியம் என்னும் சுண்ணச் சத்தும் பாஸ்பரசும் வேண்டும். உணவில் பாஸ்பரசு ஒரு பங்கு எனில் சுண்ணச் சத்து ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை இருப்பது நலம். நாம் வளர்க்கும் இரைப்பூச்சிகளுட் பெரும்பாலானவற்றில் இக்கணக்கு தலைகீழாக உள்ளது. பாஸ்பரசே பன்மடங்கு மிகுதி. இப்பூச்சிகளை அப்படியே நாள்தோறும் தின்னும் பச்சோந்தி வயிறு நிறைந்திருந்தும் எலும்பு மெலியும். இரத்தத்திற்கு வேண்டிய சுண்ணச் சத்தை உடல் தன் எலும்பிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும். முதலில் தாடை மென்மையாகும்; பின் கால்கள் வளையும்; கிளையைப் பற்றும் வலுக் குறையும். இறுதியில் நா முன்போற் பாயாது. இரை எதிரே நடந்து செல்லும். பச்சோந்தி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். அது குரைக்காது, கத்தாது. நோய் முற்றும் வரை வீட்டாருக்குத் தெரிவதும் இல்லை.

இதனைத் தடுக்கும் வழி ஒன்றே. பச்சோந்தி எதைத் தின்கிறது என்று பார்ப்பதோடு, அது தின்னும் பூச்சி எதைத் தின்றது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். தோட்டத்திலோ தெருவிளக்கின் கீழோ பிடித்த பூச்சியின் முன்கதை நமக்குத் தெரியாது. அது மருந்து தெளித்த பயிரில் இருந்து வந்திருக்கலாம், ஒட்டுண்ணியைச் சுமந்திருக்கலாம். வீட்டில் முட்டையிலிருந்து வளர்த்த பூச்சியின் வாழ்க்கை முழுவதும் நம் கையில் இருக்கிறது.

பூச்சியின் முன்கதையை அறிவதன் பயனை உலகிற்கு உணர்த்திய ஊர்களுள் நம் செகந்தராபாத்தும் ஒன்று. 1897-ஆம் ஆண்டு பேகம்பேட்டையில் பணியாற்றிய மருத்துவர் ரொனால்டு ராஸ், மலேரியா எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்தார். பறந்து திரியும் கொசுவைப் பிடித்து அறுத்துப் பார்த்தால், அதன் வயிற்றில் உள்ளது யாரிடமிருந்து வந்தது என்று கூற இயலாது. ஆகவே நீரிலிருந்து எடுத்த கொசுப் புழுக்களைப் புட்டிகளில் வளர்த்து, அவற்றிலிருந்து வெளிவந்த கொசுக்களை உசேன்கான் என்னும் நோயாளியின் இரத்தத்தைக் குடிக்கச் செய்தார். ஒரு கொசுக் கடிக்கு ஓரணா வீதம் அவருக்குக் கொடுத்தார் என்பர். அக்கொசு வேறெதையும் குடித்ததில்லை என்பது ராஸுக்குத் தெரியும். ஆதலால் ஆகஸ்டு 20-ஆம் நாள் அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது, அஃது எங்கிருந்து வந்தது என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை. 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் உழைத்த கட்டடம் இன்றும் பேகம்பேட்டையில் நிற்கிறது. ராஸின் நோக்கம் வேறு, நம் நோக்கம் வேறு. ஆயினும் வளர்த்த பூச்சியே நம்பத்தக்க பூச்சி என்னும் பாடம் இரண்டிற்கும் பொது.

இனி வளர்க்கும் முறைக்கு வருவோம். வீட்டு வளர்ப்புக்கு ஏற்றவற்றுள் முதலாவது சுவர்க்கோழி. இரவில் சுவரிடுக்கிலிருந்து ஓயாமற் கூவும் இப்பூச்சியைத் தெலுங்கர் 'கீச்சுராயி' என்பர். ஆண்பூச்சி தன் முன்னிறகுகளை ஒன்றோடொன்று உராய்ந்து இவ்வொலியை எழுப்புகிறது, பெண்பூச்சி கூவாது. பெண்ணின் பின்புறத்தில் ஊசி போல் நீண்டிருக்கும் உறுப்பு முட்டையிடுவதற்கு உரியது. மேலைநாடுகளில் வளர்க்கப்பெற்ற வீட்டுச் சுவர்க்கோழி இனத்தை ஒருவகை நச்சுயிரி தாக்கியதால், அங்குள்ள பண்ணைகள் பல பெருநட்டம் அடைந்தன. இறகின் அடியில் இரு வெளிர்ப் புள்ளிகளை உடைய கறுப்புச் சுவர்க்கோழி அந்நோய்க்கு எளிதில் இரையாவதில்லை. நம் நாட்டு வெப்பத்திற்கும் அது ஏற்றது.

மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று போதும். மூடியின் நடுவே ஒரு சாண் அளவுக்கு வெட்டி எடுத்து, அங்கே இரும்புக் கம்பிவலை பொருத்த வேண்டும். நைலான் வலையைப் பூச்சிகள் கடித்துத் துளைத்துவிடும். உள்ளே முட்டை விற்கும் கடையில் கிடைக்கும் அட்டைகளை நெடுக்காக நிறுத்தி வைத்தால், பூச்சிகள் ஒளிந்து வாழ இடம் பெருகும். இடம் போதாவிடில் அவை ஒன்றையொன்று தின்னும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் விழுந்து மடியும்; நனைத்த பஞ்சு வைப்பதே நன்று. அப்பஞ்சை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தொட்டியின் அடியில் மண் பரப்ப வேண்டுவதில்லை. வெறுந்தரையே தூய்மை செய்ய எளிது.

முட்டையிடுவதற்கென ஒரு சிறு டப்பாவில் மணலும் தென்னை நார்த்தூளும் கலந்து நனைத்து வைக்க வேண்டும். பெண்பூச்சிகள் அதன் மேல் நின்று ஊசியை இறக்கி முட்டையிடும். ஒரு வாரத்திற்குப் பின் டப்பாவை எடுத்து மூடி, வேறொரு தொட்டியில் வைக்க வேண்டும். ஈரம் குறையாமலும், வெப்பம் 28 முதல் 30 பாகை செல்சியசு அளவிலும் இருந்தால், 10 முதல் 14 நாட்களில் எறும்பினும் சிறிய குஞ்சுகள் வெளிவரும். இவற்றிற்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. தோலை உரித்து உரித்தே வளரும். ஆறு முதல் எட்டு வாரங்களில் முழுப் பூச்சியாகும். வளர்ந்த பச்சோந்தி ஒன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு பூச்சி வீதம் இட்டால், மாதத்திற்குச் சுமார் 90 பூச்சிகள் தேவை. ஒரு பெண்பூச்சி தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடவல்லது. ஆதலின் பெரியவை ஒரு தொட்டியிலும், நடுத்தரம் ஒன்றிலும், குஞ்சுகள் ஒன்றிலுமாக மூன்று தொட்டிகள் இருந்தால் ஒரு பச்சோந்தியின் தேவை இடையறாமல் நிறைவேறும்.

ஐதராபாத்தின் பருவநிலையைக் கருதி இரு குறிப்புகள் சொல்ல வேண்டும். மே மாதத்தில் இங்கு வெப்பம் 40 பாகையைத் தாண்டும். அந்நாட்களில் மேற்கு வெயில் படும் பால்கனியில் தொட்டி இருந்தால் ஒரே பிற்பகலில் பூச்சிகள் முழுவதும் மடியும். வீட்டிற்குள் தரையில், காற்றோட்டமான மூலையில் வைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 15 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. அப்போது வளர்ச்சி தேங்கும். தொட்டியைச் சமையலறைப் பக்கம் மாற்றி வைப்பதாலோ, பாதுகாப்பான வெப்பப் பாயின் மேல் வைப்பதாலோ இதனைச் சரிசெய்யலாம்.

இரண்டாவது மாவுப்புழு. இது பழைய மாவிலும் தவிட்டிலும் வாழும் ஒருவகைக் கறுப்பு வண்டின் இளம்பருவம். வளர்ப்பதற்கு இதனினும் எளியது வேறொன்றில்லை; ஒலி இல்லை, துள்ளல் இல்லை, வழவழப்பான சுவரில் ஏறித் தப்புவதும் இல்லை. அகன்ற தட்டில் நான்கு விரல் உயரம் கோதுமைத் தவிடு பரப்பி, வண்டுகளை விட்டு, ஈரத்திற்காகக் கேரட்டு அல்லது உருளைக்கிழங்குத் துண்டுகளை மேலே வைத்தால் போதும். முட்டைகள் ஒன்றிரண்டு வாரங்களிற் பொரிக்கும். புழுக்கள் வளர இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆகும். பின்னர் கூட்டுப்புழுவாகி, ஒன்று முதல் மூன்று வாரங்களில் வண்டாகும். கூட்டுப்புழுக்களைப் பொறுக்கித் தனித்தட்டில் வைக்காவிடில் வண்டுகள் அவற்றைக் கடித்துவிடும். வளர்ந்த புழுக்கள் மிகுந்துவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் டப்பாவில் வைத்துச் சில வாரம் காக்கலாம். குளிரில் அவை உறங்குவதுபோற் கிடக்கும். இல்லத்தரசியாரின் இசைவு இதற்கு முதலில் வேண்டும் என்பதைக் கூறத் தேவையில்லை.

மழைக்காலத்தில் தவிடு ஈரத்தை உறிஞ்சினால் பூஞ்சணம் பூக்கும். கண்ணுக்குப் புலப்படாத சிறு உண்ணிகளும் பெருகும். தவிட்டை முன்னரே வாணலியில் இட்டு இளஞ்சூட்டில் வறுத்து ஆறவைத்தால் இவ்விடர் குறையும். மாவுப்புழுவின் மேல்தோல் கடினமானது, கொழுப்பும் மிகுதி. ஆகவே இதனை நாள்தோறும் இடாமல், சுவர்க்கோழிக்குத் துணை உணவாக வாரம் ஒருமுறை இடுவதே ஏற்றது. மென்மையான உடலுடைய பட்டுப்புழுவும் நல்ல இரையாகும். சமையற் கழிவைத் தின்று வளரும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுவில், மற்றவற்றைப் போலன்றிச் சுண்ணச் சத்து இயல்பாகவே மிகுந்துள்ளது.

பூச்சி வளர்ந்தபின் முதன்மையான பணி வருகிறது. அது பூச்சிக்கு உணவிடும் பணி. பச்சோந்திக்கு இடுவதற்கு ஒன்று அல்லது இரண்டு நாள் முன்பாகப் பூச்சிகளுக்குச் சத்துமிக்க தீனியை நிறைய இட வேண்டும். அத்தீனி பூச்சியின் குடலில் இருக்கும்போதே பச்சோந்தி அதனை உண்ணும். பூச்சி என்பது தீனியைப் பொதிந்து கொடுக்கும் ஓர் இலை என்று கருதினால் தவறில்லை. எதைப் பொதிவது? இவ்வினாவிற்கு விடை காண நாம் வெளிநாட்டு நூல்களைத் தேட வேண்டுவதில்லை. தார்நாக்காவுக்குச் சென்றாற் போதும்.

அங்குள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து இங்கு வந்து குடியேறியது. 1918-இல் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில், மக்காரிசன் என்னும் மருத்துவரின் தலைமையில் சிறு ஆய்வுப் பிரிவாகத் தோன்றி வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் பல்லாண்டு அதன் இயக்குநராக விளங்கினார். நம் நாட்டு உணவுப் பொருள்களில் என்னென்ன சத்து எவ்வளவு உள்ளது என்று அந்நிறுவனத்தார் அளந்து வெளியிட்ட அட்டவணைகள் மக்களுக்காகச் செய்யப்பட்டவை. 2017-இல் புதிய பதிப்பும் வந்தது. அவ்வட்டவணைகளின்படி 100 கிராம் கேழ்வரகில் சுண்ணச் சத்து 340 மில்லி கிராமுக்கு மேல் உண்டு; தீட்டிய அரிசியிலோ அது 10 மில்லி கிராமை மிஞ்சாது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, கறிவேப்பிலை ஆகியவற்றிலும் அச்சத்து மிகுதி.

கேழ்வரகைத் தெலங்கானாவில் 'தைதலு' என்பர். எந்த அங்காடியிலும் கிடைக்கும். கறிவேப்பிலையும் முருங்கையும் இல்லாத தமிழ் வீடு எந்த மாநிலத்திலும் இல்லை. ஆகவே கேழ்வரகு மாவு, சிறிது கோதுமைத் தவிடு, கழுவிய முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, கேரட்டு, பப்பாளித் துண்டு ஆகியவற்றைச் சுவர்க்கோழிக்கு இடலாம். பாலக்கீரையைத் தவிர்க்க வேண்டும். அதில் மிகுந்துள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணச் சத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவொட்டாமல் தடுக்கும். கடையில் வாங்கும் கீரையில் பூச்சிமருந்து படிந்திருப்பது இயல்பு. அதனைத் தின்றால் பூச்சிகள் ஒரே இரவில் மடியும். மடியாமல் அரைகுறையாகப் பிழைத்தால் பச்சோந்திக்குக் கேடு. நன்கு அலசியபின் இடுவதோ, தொட்டியில் நாமே ஒரு முருங்கைக் கொம்பு நட்டு வளர்ப்பதோ நலம்.

இவ்வளவு செய்தும் சுண்ணச் சத்துக் கணக்கு முழுதும் நிறையாது. ஆகவே இரையிடும்போது பாஸ்பரசு கலவாத கால்சியம் தூளைப் பூச்சிகளின் மேல் மெல்லிதாகத் தூவ வேண்டும். ஒரு குவளையில் பூச்சிகளையும் ஒரு சிட்டிகைத் தூளையும் இட்டு மெல்லச் சுழற்றினாற் போதும். உண்ட சுண்ணச் சத்து எலும்பிற் சேர்வதற்கு வைட்டமின் டி வேண்டும்; அதைத் தோலில் உண்டாக்குவது வெயிலில் உள்ள புறஊதாக் கதிர். காலை இளவெயிலில், நிழலுக்கு ஒதுங்க இடமுள்ள கம்பிவலைக் கூண்டில் பச்சோந்தியைச் சற்று நேரம் வைத்தல் நன்று. கண்ணாடிச் சாளரத்தின் வழியே வரும் வெயில் பயன்படாது. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வைட்டமின் டி கலந்த தூளை மிகுதியாகத் தூவுவதும் தீங்கு. அதன் அளவை ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

ஓர் உயிரை வாழவைக்க அதன் இரையை வளர்க்கும் கலை நம் நகரத்துக்குப் புதிதன்று. ராஜேந்திர நகரிலுள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம் 1966-இல் பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி நிலையமாகத் தொடங்கப்பெற்றது. பயிரைக் காக்கும் நன்மை செய்யும் பூச்சிகளை உழவரே உண்டாக்கும் முறையை அது கற்பிக்கிறது. அதற்கு அடிப்படை அரிசி அந்துப்பூச்சி வளர்ப்பு. தமிழக வேளாண் துறையினர் பின்பற்றும் முறையில், ஒரு தட்டில் 2.5 கிலோ உடைத்த கம்பும் 100 கிராம் நிலக்கடலைப் பருப்புத் தூளும் 5 கிராம் ஈஸ்டும் கலந்து, அரைக் கன சென்டிமீட்டர் அந்து முட்டைகளைத் தூவுவர். ஏறத்தாழ 40 நாட்களில் அந்துகள் வெளிவரத் தொடங்கும். அவை இடும் முட்டைகளை அட்டையில் ஒட்டி, டிரைக்கோகிராமா என்னும் மிகச் சிறு குளவியை அவற்றில் முட்டையிடச் செய்வர். அவ்வட்டையைக் கரும்புத் தோட்டத்திற் கட்டினால், வெளிவரும் குளவிகள் இடைக்கணுப் புழுவின் முட்டைகளை அழிக்கும். ஒட்டுண்ணி அட்டை என்று தமிழக உழவர் கூறுவது இதனையே.

அந்து வளர்ப்பில் தேர்ந்தோர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு நம் வீட்டுத் தொட்டிக்கும் வேண்டும். மருந்து படாத தானியத்தையே அவர்கள் தேர்கிறார்கள். அதனைச் சூடேற்றித் தூய்மை செய்கிறார்கள். ஒரு தட்டின் முட்டையை மற்றொன்றோடு கலப்பதில்லை. ஒவ்வொரு தட்டிலும் நாள் குறிக்கிறார்கள். கம்பில் வேறு வண்டோ ஒட்டுண்ணியோ புகுந்தால் வளர்ப்பு முழுவதும் பாழாகும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

இறுதியாகச் சில எச்சரிக்கைகள். இடும் பூச்சி பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைக் காட்டிலும் நீளமாக இருத்தலாகாது. தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளை இரவில் கூண்டிலிருந்து அகற்றிவிட வேண்டும்; உறங்கும் பச்சோந்தியை அவை கடிக்கும். மின்மினியை ஒருபோதும் இடலாகாது. மின்மினி இனங்கள் சிலவற்றின் உடலில் பல்லியினத்தைக் கொல்லும் நஞ்சு உண்டு. தவிட்டுத் தூசியும் பூச்சிக் கழிவும் சிலருக்கு இழுப்பு நோயைத் தூண்டும். அத்தகையோர் உள்ள வீட்டில் இவ்வளர்ப்பைத் தவிர்ப்பதே நன்று. ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். சுவர்க்கோழியின் கூவல் அடுத்த வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதையும் மறத்தலாகாது. மொழி வேறான அண்டை வீட்டாரோடு நாம் தேடிவைத்த நட்பை ஒரு பூச்சிக்காக இழக்க வேண்டா. அலுத்துப்போன அயல்நாட்டு உயிரையோ பூச்சியையோ வெளியே விட்டுவிடுவது பெருந்தவறு.

பச்சோந்தி இல்லாத வீட்டிலும் பூச்சி வளர்ப்புப் பயன் தரும். தொட்டி மீனுக்கும் கோழிக்கும் மாவுப்புழு நல்ல உணவு. முட்டை, புழு, கூடு, வண்டு என்னும் நான்கு பருவங்களையும் பள்ளிப் பிள்ளை தன் கண்ணால் மூன்று மாதங்களிற் காணலாம். ஆகவே பச்சோந்தி வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு முதலில் ஒரு தட்டுத் தவிடும் இருபது வண்டுகளும் ஒரு குறிப்பேடும் கொடுத்துப் பாருங்கள். தீனி இட்ட நாள், முட்டை பொரித்த நாள், அன்றைய வெப்பம் ஆகியவற்றை அப்பிள்ளை ஆறு மாதம் தவறாமல் எழுதி வந்தால், ஓர் உயிரைப் பேணும் பொறுமை அதற்கு உண்டு என்று நம்பலாம். இரண்டாம் வாரத்திலேயே கேரட்டு வாடிக் கிடந்தால், காட்டிலோ பிறர் கையிலோ உள்ள பச்சோந்தி ஒன்று நம் வீட்டுக்கு வராமல் தப்பியது என்று மகிழ்வோமாக.